அட்ரினலின் கலந்த ஊசியும் இதய மாத்திரைகளும்

இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர் சொத்தைப் பல்லை மாதக்கணக்கில் வலியோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பல்லைப் பிடுங்கவோ வேர் சிகிச்சை செய்யவோ போனால் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அதில் அட்ரினலின் இருக்கும், அது நெஞ்சுக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். துணிந்து போகிறவர்களும் நாற்காலியில் உட்கார்ந்ததும் ‘அட்ரினலின் இல்லாத ஊசி போடுங்க டாக்டர்’ என்று கேட்கிறார்கள். பல மருத்துவர்களும் மறுபேச்சின்றி அப்படியே செய்கிறார்கள். இந்த வேண்டுகோள் பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு நன்மை செய்வதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஊசியில் அட்ரினலின் உண்டா இல்லையா என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை எது, ஊசி மருந்து மொத்தம் எத்தனை மில்லி, அது எந்த வேகத்தில் எங்கே இறங்குகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்தின் உண்மையான அளவு தெரியும்.

நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது 30 மில்லி குப்பியில் வரும் 2 சதவீத லிக்னோகெய்ன். நரம்பை மரத்துப்போகச் செய்வது இந்த லிக்னோகெய்ன்தான். 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு: தான் இறங்கிய இடத்தில் ரத்தக் குழாய்களை விரித்துவிடும். விரிந்த குழாய்களில் ரத்தம் வேகமாக ஓடி, மருந்தையே அந்த இடத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் தனி லிக்னோகெய்ன் போட்டால் பல்லின் உள்நரம்பு ஐந்து முதல் பத்து நிமிடம்தான் மரத்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஒரு கடைவாய்ப்பல்லின் வேர் சிகிச்சையைத் தொடங்கக்கூட முடியாது. குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கத்தான் அட்ரினலினைக் கலக்கிறார்கள். கலந்தபின் பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மரத்திருக்கும், ரத்தக் கசிவு குறையும், லிக்னோகெய்ன் உடம்புக்குள் ஏறும் வேகமும் குறையும். இந்தக் கடைசிப் பயனைப் பலரும் கவனிப்பதில்லை. பின்னால் ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

எவ்வளவு அட்ரினலின் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். குப்பியின் மேல் 1:80,000 என்று அச்சிட்டிருக்கும். அதாவது ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம். 2 மில்லி சிரிஞ்ச் நிறைய எடுத்தால் 25 மைக்ரோகிராம். மாரடைப்பால் இதயம் நின்றுவிட்டவருக்கு ரத்தக் குழாயில் நேராக ஏற்றும் அட்ரினலின் ஒரு வேளைக்கு 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். கடுமையான ஒவ்வாமையில் தொடையில் போடுவது 500 மைக்ரோகிராம். இதய மருத்துவர்களின் மனத்தில் ‘அட்ரினலின்’ என்ற சொல் எழுப்புவது இந்தப் பெரிய அளவுகளைத்தான். பல் ஊசியில் உள்ளது அதில் இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு. அதுவும் தசையிலோ ரத்தத்திலோ ஏறாமல் ஈறுக்குள் தேங்கி, மெதுவாகக் கசிகிறது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடுவதால் ஏற ஏறக் கரைந்துகொண்டும் இருக்கிறது.

நலமான ஒருவருக்கு ஓர் அமர்வில் 200 மைக்ரோகிராம் வரை போகலாம் என்றும், இதய நோயாளிக்கு 40 மைக்ரோகிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் பல் மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. இந்த 40 என்ற எண் ஆய்வுக்கூடத்தில் அளந்து கண்ட எல்லை அல்ல, அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கையாகக் கிழித்த கோடு. ஆனாலும் கைக்கொள்ளத் தக்க கோடு. அமெரிக்க நூல்கள் இதையே ‘இரண்டு கார்ட்ரிட்ஜ்’ என்று சுருக்கிச் சொல்லும். அங்கே பரவலாகப் பயன்படும் கலவை 1:1,00,000, ஒரு கார்ட்ரிட்ஜ் 1.8 மில்லி, ஆக இரண்டில் 36 மைக்ரோகிராம். நம் ஊரில் அந்த ‘இரண்டு’ இரண்டு சிரிஞ்சாக மாறிவிட்டால் 4 மில்லி, 50 மைக்ரோகிராம் ஆகிவிடும். எல்லை தாண்டியது தெரியாமலேயே தாண்டப்படும். 1:80,000 கலவையில் 40 மைக்ரோகிராம் என்பது 3.2 மில்லி மட்டுமே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அட்ரினலின் வேண்டாம்’ என்று சொல்வதைவிட ‘எத்தனை மில்லி போடப் போறீங்க, மூணு மில்லிக்குள்ள முடியுமா’ என்று கேட்பது நூறு மடங்கு பயனுள்ளது.

ஊசி வழியாகப் போகும் அட்ரினலினை மட்டும் கணக்கில் எடுப்பது பாதிக் கணக்கு. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வலியிலும் பயத்திலும் அதே அட்ரினலினை நேராக ரத்தத்தில் கொட்டுகிறது. மரப்பு பாதியில் தெளிந்து, துளையிடும் கருவி உயிருள்ள நரம்பைத் தொடும்போது நோயாளி உடம்பு துள்ளுமே, அந்தக் கணத்தில் நாடியும் ரத்த அழுத்தமும் எகிறுவதற்கு எந்தச் சிரிஞ்சும் தேவையில்லை. சில நூல்கள், அதிர்ச்சியில் இந்தச் சுரப்பு ஓய்வு நிலையைவிட நாற்பது மடங்கு ஏறும் என்று எழுதுகின்றன. பல் நாற்காலியில் அவ்வளவு உயர்வதில்லை, அது பெரிய காயத்துக்கும் பெரிய அறுவைக்கும் உரிய எண் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபம் நியாயமானதே, எனவே நாற்பது மடங்கு என்பதை நான் ஆதாரமாகக் கொள்ளவில்லை. என் வாதத்துக்கு அந்த எண் வேண்டியதும் இல்லை. ஊசியில் வரும் அட்ரினலினுக்கு மேல்வரம்பு போட நம்மால் முடியும், பயமும் வலியும் சுரக்கவைக்கும் அட்ரினலினுக்கு யாரும் மேல்வரம்பு போட முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அளந்து போட முடிந்ததைத் தேர்வதே அறிவு.

இது புதிதாகக் கிளம்பிய கருத்தும் அல்ல. 1955-லேயே நியூயார்க் இதயச் சங்கத்தின் சிறப்புக் குழு, இதய நோயாளிக்குப் பல் சிகிச்சையில் 0.2 மில்லிகிராம் அட்ரினலின் வரை தரலாம் என்றது. இன்றைய கோட்டைப்போல் ஐந்து மடங்கு. 1964-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அமெரிக்க இதயச் சங்கமும் கூடிப் பேசி, பல் ஊசியில் வழக்கமாகக் கலக்கும் அளவு, ரத்தக் குழாய்க்குள் ஊசி இல்லை என்பதைப் பார்த்துக் கவனமாகப் போடப்படும்போது, இதய நோயாளிக்குத் தடைசெய்யப்பட்டது அல்ல என்று அறிவித்தன. ரத்த அழுத்த நோயாளிகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002-ல் வெளியான ஒரு மதிப்பாய்வு, அட்ரினலின் சேர்ந்ததால் அழுத்தமும் நாடியும் கூடியது சிறிதளவே என்று கண்டது. பிரேசிலின் சாவ் பாவ்லோ இதய நிறுவனத்தில் இதயத் தமனி அடைப்புள்ளவர்களுக்கு, சிலருக்கு அட்ரினலின் கலந்தும் சிலருக்குக் கலக்காமலும் ஊசி போட்டு அளந்து பார்த்தார்கள். இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இவை சிறிய ஆய்வுகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மிக அரிதாக நேரும் விபத்தைச் சிறிய ஆய்வு காட்டிக்கொடுக்காது. அதனால்தான் ‘ஆபத்தே இல்லை’ என்ற முடிவுக்கு இவற்றிலிருந்து போகக் கூடாது. ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்று தேட வேண்டும். தேடினால் ஒரு குறிப்பிட்ட மாத்திரைக் குடும்பத்தில் போய் நிற்கிறோம்.

அந்தக் குடும்பம் பீட்டா பிளாக்கர். அதிலும் எல்லா உறுப்பினர்களும் அல்ல. அட்ரினலின் உடம்பில் மூன்று விதமான ஏற்பிகளைத் தட்டுகிறது. ஆல்ஃபா ஏற்பியைத் தட்டினால் ரத்தக் குழாய் சுருங்கும். இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பியைத் தட்டினால் துடிப்பு கூடும். தசைகளுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் உள்ள பீட்டா-2 ஏற்பியைத் தட்டினால் அந்தக் குழாய்கள் விரியும். ஒரு பக்கம் சுருக்கம், மறுபக்கம் விரிவு என்று ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் சிறிய அளவு அட்ரினலின் ரத்த அழுத்தத்தைப் பெரிதாக உயர்த்துவதில்லை. அடினலால், மெட்டோப்ரலால், பைசோப்ரலால், நெபிவலால் ஆகியவை வழக்கமான அளவில் பீட்டா-1-ஐ மட்டுமே பெரிதும் அடைக்கின்றன. விரிவு வேலை தொடர்ந்து நடக்கிறது, சமநிலை கெடுவதில்லை. ப்ரொப்ரனலால், நடலால், சோட்டலால், டிமலால் ஆகியவை இரண்டு பீட்டாக்களையும் அடைத்துவிடுகின்றன. அப்போது ஆல்ஃபாவின் சுருக்கத்துக்கு எதிர்ப்பே இல்லை. ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். ஏறிய அழுத்தத்தைக் கண்டு மூளை இதயத்தின் கடிவாளத்தை இழுக்க, நாடி சரிந்து விழும். அழுத்தம் உயர்ந்து நாடி குறைவது என்ற இந்த விசித்திரச் சேர்க்கைதான் இந்த மோதலின் அடையாளம். கார்வெடிலாலும் லபெட்டலாலும் ஆல்ஃபாவையும் சேர்த்தே ஓரளவு அடைப்பதால் இந்த ஏற்றம் அவற்றில் மட்டுப்படும்.

இது ஏட்டளவில் போட்ட கணக்கு இல்லை. 1983-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள், ப்ரொப்ரனலால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு நோயாளிகளுக்கு முகத்தில் அட்ரினலின் கலந்த மரப்பூசி போட்டபின் ரத்த அழுத்தம் கடுமையாக ஏறி நாடி குறைந்ததைப் பதிவு செய்தார்கள். அட்ரினலினை முற்றாக விலக்க வேண்டும் என்போர் முன்வைக்கும் வலுவான ஆதாரம் இதுவே. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரண்டு விஷயங்களை உடன்சேர்த்துப் பார்க்க வேண்டும். முகத்தின் பெரிய பரப்பை மரக்கவைக்க இறங்கும் மருந்தின் கொள்ளளவு ஒரு பல்லுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. இரண்டாவது, இந்த மோதல் அளவோடு சேர்ந்து வளர்வது. அதனால் ப்ரொப்ரனலால் சாப்பிடுகிறவருக்கு வகுத்த வழிமுறை தடை அல்ல, படிப்படியான சோதனை. முதலில் ஒரு மில்லி அளவு மெதுவாகப் போட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, ரத்த அழுத்தமும் நாடியும் பார்க்க வேண்டும். மாற்றமில்லை என்றால் மீதியைப் போடலாம், அதுவும் முன்சொன்ன எல்லைக்குள். ஏறியிருந்தால் அதோடு நிறுத்தி, அட்ரினலின் இல்லாத 3 சதவீத மெபிவகெய்ன் போன்ற மருந்துக்கு மாறலாம். மெபிவகெய்ன் ரத்தக் குழாயை லிக்னோகெய்ன் அளவுக்கு விரிப்பதில்லை என்பதால் துணையின்றியே சற்று அதிக நேரம் நிற்கும். குறுகிய வேலைக்குப் போதும்.

ப்ரொப்ரனலாலின் பெரிய சிக்கல் அது இதய நோயாளியின் மாத்திரைச் சீட்டில் மட்டும் இருப்பதில்லை என்பது. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க, கைநடுக்கத்துக்கு, மேடைப் பதற்றத்துக்கு, தைராய்டு மிகைச் சுரப்பின் படபடப்புக்கு, கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாய் ரத்தக் கசிவைத் தடுக்க என்று பல காரணங்களுக்கு எழுதுகிறார்கள். சிப்லார், இண்டெரால், பீட்டாகேப் என்ற பெயர்களில் இந்த மருந்து கடைகளில் கிடைக்கிறது. ‘ஹார்ட் பிரச்சினை இருக்கா’ என்று பல் மருத்துவர் கேட்டால் ஒற்றைத் தலைவலிக்காரர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. கண் அழுத்த நோய்க்குக் காலையும் இரவும் டிமலால் சொட்டு விடும் பெரியவருக்கு அதை ஒரு மருந்தென்று சொல்லவே தோன்றாது. கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி அந்தச் சொட்டு ரத்தத்திலும் கலக்கிறது. ஆகவே நோயைச் சொன்னால் போதாது, சாப்பிடுவதையும் விடுவதையும் பூசுவதையும் எல்லாம் பெயரோடு சொல்ல வேண்டும். மருந்துக் கடை உறையும் அட்டையும் கையில் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து விற்பது இங்கே சாதாரணம்.

அப்படியானால் ஊசிக்கு முந்தைய நாளே ப்ரொப்ரனலாலை நிறுத்திவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். தயவுசெய்து செய்ய வேண்டாம். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தினால் அதுவரை அடைபட்டிருந்த ஏற்பிகள் ஒரேயடியாகத் திறந்து, இதயம் கட்டவிழ்ந்து துடிக்கும். நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வந்திருக்கின்றன. இதனாலேயே அந்த மருந்தின் குறிப்புத்தாளில் கடும் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. பல் சிகிச்சை நாளின் காலையில் இதய மாத்திரைகள் எல்லாவற்றையும் வழக்கமான நேரத்தில் சாப்பிட்டுவிட்டே போக வேண்டும்.

இனி, அட்ரினலின் இல்லாத லிக்னோகெய்னே பத்திரம் என்ற எண்ணத்துக்கு வருவோம். லிக்னோகெய்னைச் சிதைப்பது கல்லீரல். எவ்வளவு ரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறதோ அவ்வளவு வேகமாகச் சிதையும். ப்ரொப்ரனலால் கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, சிதைக்கும் நொதிகளின் வேலையையும் மந்தமாக்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் கல்லீரலுக்கு ரத்தம் குறைவாகவே போகிறது. இவர்களுக்கு அட்ரினலின் இல்லாத லிக்னோகெய்னைப் போட்டால் மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, ஆனால் மெதுவாகவே வெளியேறுகிறது. மரப்பு பத்து நிமிடத்தில் தெளிவதால் மருத்துவர் இரண்டாவது, மூன்றாவது முறை போட வேண்டியிருக்கிறது. லிக்னோகெய்ன் மிகும்போது காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு, பேச்சுக் குழறல் என்று தொடங்கி, மிக அதிகமானால் வலிப்பும் இதயத் துடிப்பு மந்தமும் வரும். உடல் எடை ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற எச்சரிக்கையான கணக்கில் 50 கிலோ எடையுள்ளவருக்கு 220 மில்லிகிராம், அதாவது 2 சதவீத மருந்தில் 11 மில்லி. இதயமும் கல்லீரலும் தளர்ந்த முதியவருக்கு அதில் பாதியை நெருங்குவதே கூடாது. இதய நோயாளியைக் காப்பதாக நினைத்து அட்ரினலினை எடுத்துவிட்டால் மறுபக்கம் லிக்னோகெய்ன் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது மொத்தக் கொள்ளளவு ஒன்றுதான். ஆர்ட்டிகெய்ன் கிடைக்கும் இடங்களில் அதையும் எண்ணிப் பார்க்கலாம். அது பெரும்பகுதி ரத்தத்திலேயே சிதைவதால் கல்லீரலை நம்பியிருப்பதில்லை, 1:2,00,000 என்ற பாதிக்கும் குறைவான அட்ரினலின் கலவையிலும் வருகிறது.

மற்ற மாத்திரைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆம்லோடிபின், டெல்மிசார்டன், ராமிப்ரில், கொழுப்புக்கான ஸ்டாட்டின்கள் ஆகியவற்றுக்கும் மரப்பூசிக்கும் குறிப்பிடத்தக்க மோதல் இல்லை. ப்ரசோசின் ஆல்ஃபாவை அடைப்பதால் ப்ரொப்ரனலாலுக்கு நேர் எதிராக அழுத்தம் இறங்க இடம் உண்டு, நாற்காலியிலிருந்து எழும்போது கவனம் வேண்டும். டிகாக்ஸின் சாப்பிடுகிறவர் விஷயம் கொஞ்சம் கனமானது. அந்த மருந்து இதயத் தசையைச் சட்டென்று கிளர்ந்தெழும் நிலையில் வைத்திருக்கிறது. கூடவே நீர் பிரியும் மாத்திரை ஃப்ருசமைடும் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கும், அட்ரினலினும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ளும். மூன்றும் கூடினால் துடிப்பு தாறுமாறாகலாம். டிகாக்ஸினும் நீர் மாத்திரையும் சேர்ந்து எழுதப்பட்டவர் பொட்டாசியம் பரிசோதனை முடிவோடு, இதய மருத்துவரின் கருத்தையும் கேட்டபின்பே ஊசிக்கு உட்கார வேண்டும். அமியோடரோன் சாப்பிடுகிறவருக்கும் இதே நிதானம் வேண்டும், அங்கே காரணம் லிக்னோகெய்ன்தான். லிக்னோகெய்ன் தானே இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்தாகவும் பயன்பட்ட ஒன்று என்பதால் இரண்டின் வேலையும் ஒன்றன்மேல் ஒன்று சேரும்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள் மரப்பு மருந்தோடு மோதுவதில்லை. அவை மோதுவது ஊசி முனையோடு. கீழ்த்தாடை முழுவதையும் மரக்கவைக்கக் கடைவாய்க்குப் பின்னால் ஆழமாகப் போடும் ஊசி, அங்குள்ள ரத்தக் குழாயைத் துளைத்துவிட்டால், வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவருக்கு உள்ளுக்குள் ரத்தம் கட்டலாம். அதனால் இவர்களுக்கு ஈறோரமாக மேலாகப் போடும் ஊசியால் காரியம் நடக்குமானால் அதுவே மேல். ஆழ்ந்த ஊசி தவிர்க்க முடியாததானால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் அண்மைய அளவு கையில் இருக்க வேண்டும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே, அல்லது எலும்புக்குள்ளேயே போடும் ஊசி முறைகளில் இன்னொரு விலை இருக்கிறது: மருந்து விரைவில் ரத்தத்தை எட்டிச் சில நிமிடம் படபடப்பு வரும். ப்ரொப்ரனலாலும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையும் ஒருங்கே சாப்பிடுகிறவருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் யோசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் பல்லுக்காக ஆஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் தாமாக நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. 2007-ல் அமெரிக்க இதயச் சங்கமும் பல் மருத்துவச் சங்கமும் பிற அமைப்புகளோடு சேர்ந்து இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. ஈறில் கசியும் ரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் நிறுத்தலாம், ஸ்டென்டுக்குள் கட்டிய ரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது.

‘சிறிய ஆபத்தானாலும் அதை ஏன் ஏற்க வேண்டும்’ என்ற கேள்விக்கு மேலே பாதி பதில் வந்துவிட்டது. அட்ரினலின் இல்லாத ஊசிக்கும் ஆபத்து உண்டு, வலிக்கும் உண்டு, சொத்தைப் பல்லில் சீழோடு காலம் தள்ளுவதற்கும் உண்டு. ஆபத்தே இல்லாத வழி என்று ஒன்று இங்கே இல்லாதபோது குறைந்ததைத் தேர்வதுதான் எஞ்சியிருக்கிறது. இன்னும் கடினமான ஆட்சேபம், ‘இதய டாக்டரே அட்ரினலின் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்’ என்பது. அந்தச் சீட்டை மதிக்கவே வேண்டும். ஆனால் அந்தச் சீட்டு எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். ‘பல் பிடுங்கலாமா’ என்று மட்டும் கேட்டிருந்தால் வரும் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கும். பல் மருத்துவர் ‘2 சதவீத லிக்னோகெய்ன், 1:80,000 அட்ரினலின், மொத்தம் 3 மில்லிக்குள், அட்ரினலின் 40 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது, இவர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் இது’ என்று எழுதிக் கேட்டால் பதில் வேறாக வரக்கூடும். எண்களைப் பார்த்தபின்னும் வேண்டாம் என்றால் அதற்கு அந்த நோயாளியின் இதயத்தில் ஏதோ காரணம் இருக்கிறது, அதை மீறக் கூடாது.

அத்தகைய காரணங்கள் சில எல்லோருக்கும் பொது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு வலிப்பவர்கள், படுத்தால் மூச்சு முட்டும் அளவுக்கு இதயம் செயலிழந்தவர்கள், கட்டுக்குள் வராத தாறுமாறான துடிப்பு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நிற்பவர்கள், இவர்களுக்கு அவசரமில்லாத பல் வேலை எதுவும் வேண்டாம். அட்ரினலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேண்டாம். வலியும் வீக்கமும் தாங்க முடியாமல் உடனே செய்தாக வேண்டுமென்றால் இதயத்தைக் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் செய்ய வேண்டும்.

ஊசி எப்படி இறங்குகிறது என்பதில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது, அது மருத்துவரின் கையில் இருக்கிறது. கீழ்த்தாடை ஊசியில் பத்தில் ஒரு முறைக்குக் குறையாமல் முனை ரத்தக் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே ஒரேயடியாக அழுத்திவிட்டால் ஈறில் மெதுவாகக் கசிய வேண்டிய 25 மைக்ரோகிராம் சில நொடிகளில் இதயத்தை எட்டும். சிறிய அளவு என்று இதுவரை சொன்ன ஆறுதலெல்லாம் அப்போது செல்லாது. மருந்தை அழுத்துமுன் பிஸ்டனைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும், ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற அளவில் மெல்ல இறக்குவதும் இதற்காகத்தான். ‘மெதுவா போடுங்க டாக்டர், எனக்கு ஹார்ட் மாத்திரை ஓடுது’ என்று நோயாளி சொல்வதில் தவறே இல்லை. பல்லுக்கு உறை போட அளவெடுக்கும்போது ஈறை விலக்க ஒரு நூலைச் செருகுவார்கள். அட்ரினலினில் தோய்த்த நூல்களும் விற்பனையில் உண்டு, அவற்றில் ஊசியில் இருப்பதைவிடப் பல மடங்கு அட்ரினலின் இருக்கிறது, கீறல் விழுந்த ஈறு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஊசிக்குப் பயந்து மறுப்பவர் இந்த நூலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். இதய நோயாளிக்கு அலுமினியம் குளோரைடு தோய்த்த நூலைத்தான் பயன்படுத்த வேண்டும்.

போகுமுன் ஒரு தாளில் மாத்திரைகளின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, கண் சொட்டு, ஸ்டென்ட் அல்லது பைபாஸ் நடந்த மாதமும் ஆண்டும், கடைசியாகப் பார்த்த ரத்த அழுத்தம், ஐ.என்.ஆர். ஆகியவற்றை எழுதிப் பைக்குள் வையுங்கள். நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டவர் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். முந்தைய ஒரு நாளுக்குள் ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டனாஃபிலோ, இரண்டு நாளுக்குள் டடாலஃபிலோ சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன்மேல் சார்பிட்ரேட் வைத்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். ஊசி போட்டபின் சில விநாடி வரும் லேசான படபடப்பு தானே அடங்கிவிடும். தலை வெடிப்பதுபோல் வலித்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, நாடி மந்தமானதுபோல் மயக்கம் வந்தாலோ உடனே சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சட்டென்று எழாமல் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்தால் ரத்த அழுத்த மாத்திரைகள் தரும் தலைச்சுற்றல் தவிர்க்கப்படும். புறப்படுமுன் கையில் தரும் மருந்துச் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். பல் வீக்கத்துக்கு வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல், வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுகிறவரின் ரத்தத்தைச் சில நாட்களில் மேலும் நீர்க்கவைத்துவிடும். டிகாக்ஸினோடு க்ளாரித்ரோமைசின் சேர்ந்தால் டிகாக்ஸின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். இரண்டில் எது எழுதப்பட்டிருந்தாலும் மாற்று மருந்து உண்டா என்று அந்த நாற்காலி அருகிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.